செட்டி@ஹோம் பங்கேற்பாளர்களிடம் யாரைக் கேட்பது, என்ன கேட்பது: ஒரு நிகழ்வு ஆய்வு

தன்னார்வக் கணிமைத் திட்டம் (பொதுமக்களின் கணினிகள் சும்மா இருக்கும் நேரத்தை ஆராய்ச்சிக் கணக்குகளுக்குப் பயன்படுத்தும் திட்டம்) நடத்துகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் "நம்மிடம் கணினி கொடுத்திருப்பவர்கள் யார், எதற்காகக் கொடுக்கிறார்கள்" என்று தெரிந்துகொள்ளத் தோன்றும். உடனே இருபது கேள்வியோடு ஒரு படிவம் தயாராகும், திட்டத்தின் முகப்பில் இணைப்பு போடப்படும், ஆயிரக்கணக்கில் பதிலும் வந்து சேரும். அந்தப் பதில்களை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. ஏன் கூடாது, அதற்குப் பதிலாக எப்படிச் செய்யலாம் என்பதை செட்டி@ஹோமை வைத்து எழுதுகிறேன். இந்தத் துறையில் மிகப் பெரிய கூட்டம் கூடியது அங்கேதான், வெகுகாலம் கேள்வி கேட்கப்பட்டதும் அங்கேதான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1999 மே 17 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்கப்பட்ட திட்டம் இது. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி வாங்கிய அலைகளில் 1420 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய 2.5 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டையைப் பதிவு செய்து, அந்த டேப்புகளை பெர்க்லிக்கு அனுப்பி, அங்கே ஏறக்குறைய 350 கிலோபைட் துண்டுகளாக நறுக்கி, இணையத்தில் இருக்கும் யாருடைய கணினிக்கும் அனுப்பினார்கள். கணினி சும்மா இருக்கும் நேரத்தில் ஸ்கிரீன்சேவர் ஓடும், கூடவே அந்தத் துண்டில் வேற்றுக்கிரகத்துச் சிக்னல் ஏதாவது இருக்கிறதா என்ற கணக்கும் நடக்கும். 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 2005 டிசம்பரில் பழைய நிரலை மூடிவிட்டு, டேவிட் ஆண்டர்சன் தலைமையில் உருவான பாயிங்க் என்ற பொது மேடைக்கு எல்லாரையும் மாறச் சொன்னார்கள், பலர் மாறவே இல்லை. 2020 மார்ச் 31-ஆம் தேதியோடு புதிய வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்திய சமயத்தில் பாயிங்க் வழியாகப் பதிவான கணக்குகள் சுமார் 18 லட்சம். அவற்றில் உயிரோடு வேலை செய்துகொண்டிருந்தவை ஏறக்குறைய 90,000. அதாவது இருபது பேரில் பத்தொன்பது பேர் ஏற்கெனவே போய்விட்டவர்கள். முகப்புப் பக்கத்தில் வைக்கும் எந்தப் படிவமும் அந்த ஒருவரிடம் மட்டும்தான் பேசுகிறது, அந்த ஒருவரிலும் தளத்துக்கு அடிக்கடி வருகிற, பங்கேற்பாளர்கள் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் அணியில் இருக்கிற, செய்த வேலைக்குக் கிடைக்கும் புள்ளிகளின் பட்டியலைப் பார்க்கிற ஆளிடம்.

திட்டத்தின் தளத்தில் வெகுகாலம் ஒரு கருத்துக்கணிப்பு இருந்தது. வயது, பாலினம், எங்கே கணினி ஓட்டுகிறீர்கள், ஏன் ஓட்டுகிறீர்கள் என்று கேட்கும், விரும்பியவர்கள் நிரப்பலாம். பதில் சொன்னவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆண்கள். ஏன் என்ற கேள்விக்கு முதலிடம் பிடித்தது "மனிதகுலத்தின் நன்மைக்காக வேற்றுக்கிரக உயிரைக் கண்டுபிடிக்க" என்ற வகைப் பதில். இந்த இரண்டு முடிவுகளும் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. இரண்டையுமே நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அவை யாரைப் பற்றிய உண்மை என்று சொல்ல வழியே இல்லை, காரணம் அந்தக் கருத்துக்கணிப்புக்கு யார் அழைக்கப்பட்டார்கள், யார் பார்த்துவிட்டு மூடினார்கள் என்ற கணக்கு அதன் அமைப்பிலேயே இல்லை.

பாலின விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு தொடங்கும்போது பாயிங்க் பாலினம் கேட்பதில்லை. ஆக, பதில் சொன்னவர்களில் ஆண்கள் அதிகமா, சேர்ந்தவர்களிலேயே ஆண்கள் அதிகமா என்று ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கம் எதுவும் கிடையாது. இரண்டாவது சிக்கல், ஒரு வீட்டில் மூன்று கணினி இருந்தால் மூன்றிலும் ஒருவரே தன் கணக்கில் நிரலைப் போட்டுவிடுவார். அம்மாவும் தங்கையும் தினமும் பயன்படுத்துகிற கணினிகள் அண்ணன் பெயரில் ஓடும். திட்டத்துக்குக் கணினி கொடுத்தது யார் என்றால் மூன்று பேருமே, படிவம் நிரப்புவது ஒருவர். நான் இதைக் கேட்பதாக இருந்தால் "நீங்கள் ஆணா பெண்ணா" என்பதோடு நிற்காமல் "இந்தக் கணக்கில் இருக்கும் கணினிகளை உங்களைத் தவிர யார் யார் பயன்படுத்துகிறார்கள், அதில் இது ஓடுவது அவர்களுக்குத் தெரியுமா" என்றும் கேட்பேன். அந்தப் பதில் மக்களைப் பற்றி மட்டும் இல்லாமல் சம்மதத்தைப் பற்றியும் ஒன்றைச் சொல்லும்.

பதில்கள் நிறைய வந்தால் பிழை குறைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 2013-ல் வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் என்ற மற்றொரு தன்னார்வக் கணிமைத் திட்டம் (அப்போது ஐபிஎம் நடத்தியது) தன் உறுப்பினர்களிடம் எடுத்த சர்வேக்கு 15,000-க்கும் மேல் பதில் வந்தது. இவ்வளவு பெரிய எண்ணிக்கைக்கு, தற்செயலாகத் தேர்ந்தெடுத்த மாதிரியாக இருந்தால், பிழை எல்லை 1 சதவீதத்துக்கும் குறைவு என்று சூத்திரம் சொல்லும். அந்த "இருந்தால்"தான் எல்லாமே. தாமாக முன்வந்தவர்களின் பதிலில் 15,000 என்றாலும் 1,50,000 என்றாலும் சாய்வு அப்படியே இருக்கும், துல்லியமாகத் தெரிகிற சாய்வாக மாறுவதுதான் மிச்சம். 600 பேரைச் சரியாகத் தேர்ந்தெடுத்துக் கேட்டால் பிழை எல்லை 4 சதவீதம் வரும், எனக்கு அதுவே போதும்.

சரி, சரியாகத் தேர்ந்தெடுப்பது என்றால் எப்படி? இங்கேதான் தன்னார்வக் கணிமைக்கு வேறெந்தத் துறைக்கும் எளிதில் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது, அதை இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோமே என்பதுதான் எனக்கு ஆதங்கம். வீட்டுக்கு வீடு போய் சர்வே எடுப்பவருக்குக் கதவு திறக்காத வீட்டில் யார் இருந்தார்கள் என்று தெரியாது. பாயிங்க் திட்டத்துக்குத் தெரியும். பதில் சொல்லாத ஒவ்வொரு கணக்கும் எப்போது சேர்ந்தது, எந்த நாடு என்று குறித்தது, எத்தனை கணினி, என்ன சிப், என்ன இயங்குதளம், மொத்தம் எவ்வளவு கிரெடிட் (செய்த வேலைக்கான புள்ளி), கடைசியாக எப்போது சர்வரைத் தொட்டது, எந்த அணி, எல்லாமே தரவுத்தளத்தில் இருக்கிறது. பதில் சொன்னவர்களையும் சொல்லாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளக்கலாம், அளந்து சரிக்கட்டலாம்.

இதற்கு ஒரே நிபந்தனை, பொதுவான இணைப்பு போடக் கூடாது. தரவுத்தளத்திலிருந்து கணக்குகளைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் சங்கேத எண்ணோடு அழைப்பு அனுப்ப வேண்டும். எல்லாருக்கும் வாய்ப்பு கொடுக்கவில்லையே என்று கூட்டத்தில் மனவருத்தம் வரும், நிச்சயம் வரும். அவர்களுக்காக அதே கேள்வித்தாளின் திறந்த பிரதி ஒன்றை வைக்கலாம், ஆனால் அந்தப் பதில்களைத் தனியாகவே வைத்திருக்க வேண்டும், முக்கிய அட்டவணையில் ஒருபோதும் கலக்கக் கூடாது.

தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருப்பதைக் கேள்வியாகக் கேட்காமல் இருப்பது அடுத்த நன்மை. 2006-ல் ஆண்டர்சனும் ஜில் ஃபெடாக்கும் செட்டி@ஹோமின் 3,30,000-க்கும் மேற்பட்ட கணினிகளின் அளவீடுகளை வைத்து, வேகம், நினைவகம், வட்டில் காலி இடம், எவ்வளவு நேரம் ஆன் செய்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் ஆய்ந்து எழுதினார்கள். ஒருவரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆனாலும் "உங்களிடம் என்ன பிராசஸர் இருக்கிறது", "எத்தனை ஆண்டாக எங்களோடு இருக்கிறீர்கள்", "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள்" என்று கேட்கும் படிவங்கள் இன்றும் வருகின்றன. இந்த மூன்றுக்கும் கணினி சொல்லும் பதில் ஆள் சொல்லும் பதிலைவிடச் சரியானது. ஆளிடம் பத்து நிமிடம்தான் கிடைக்கும், அதில் மூன்று நிமிடத்தை இதற்குச் செலவழிப்பது அநியாயம்.

ஆளிடம் கேட்பதையும் தரவுத்தளப் பதிவையும் சேர்த்துச் செய்து காட்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது. 2010-ல் ஓடெட் நவ், டேவிட் ஆண்டர்சன், ஓஃபர் அராஸி மூவரும் செட்டி@ஹோம் பங்கேற்பாளர்களிடம் அவர்களுடைய ஊக்கங்களைப் பற்றிக் கேட்டு, அந்தப் பதில்களை அதே ஆட்களின் உண்மையான செயல்பாட்டுப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்தார்கள். எதற்காகச் செய்கிறோம் என்று ஒருவர் சொல்வது, எந்த அணியில் இருக்கிறார் என்பது, எத்தனை காலமாக இருக்கிறார் என்பது, எவ்வளவு கொடுக்கிறார் என்பது, இவை நான்கும் ஒன்றோடொன்று சிக்கலாகப் பிணைந்திருப்பதை அப்படிச் செய்ததால்தான் காண முடிந்தது. வெறும் படிவத்தில் அது தெரிந்திருக்காது. தன்னார்வக் கணிமையில் சர்வே எடுக்க நினைக்கும் யாருக்கும் நான் முதலில் காட்டுவது இந்த வேலையைத்தான்.

இனி மாதிரியைப் பிரிப்பது. பங்கேற்பாளர் என்றால் யார் என்று முதலில் முடிவு செய்யாமல் இதில் இறங்க முடியாது. கணக்கு ஒன்று, கணினி ஒன்று, ஆள் ஒன்று, மூன்றும் வேறு. 2020-ல் அந்த 90,000 பேருக்கு ஏறக்குறைய 1,45,000 கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் ஒருவருக்கு ஒன்றரை என்று சராசரி போட்டால் ஏமாந்துபோவோம். பெரும்பாலானவர்களுக்கு ஒரே கணினி, ஒரு சிலருக்கு அறை முழுக்க கிராபிக்ஸ் கார்டுகள். திட்டத்தின் கணிமைத் திறனில் பெரும்பகுதி அந்தச் சிலரிடமிருந்து வருகிறது. ஆகவே எல்லா அட்டவணையையும் இரண்டு முறை போட வேண்டும் என்பேன், ஆளுக்கு ஒரு வாக்கு என்று ஒரு முறை, கொடுத்த கிரெடிட்டின் எடைப்படி ஒரு முறை. "அணிப் போட்டி முக்கியமா" என்ற கேள்விக்கு முதல் அட்டவணையில் இல்லை என்றும் இரண்டாவதில் ஆமாம் என்றும் வந்தால், அந்த இடைவெளியே ஒரு கண்டுபிடிப்பு.

நான் பிரிப்பது இப்படி. கடந்த 30 நாளில் கிரெடிட் வாங்கிய கணக்குகள் ஒரு அடுக்கு. ஓராண்டுக்குள் நின்றுபோனவை ஒன்று. அதற்கும் முன்பே நின்றவை ஒன்று. கணக்கு தொடங்கிவிட்டு ஒரு துண்டு வேலைகூட முடிக்காதவை நான்காவது, இதைப் பெரும்பாலும் யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை, ஆனால் நிறுவும்போது எங்கே சிக்கினார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் இவர்கள் மட்டும்தான். இதற்கு மேல், கிரெடிட்டில் உச்சியில் இருக்கும் ஐந்நூறு கணக்குகளை அப்படியே முழுக்க எடுத்துக்கொண்டு, கணக்குப் போடும்போது எடையைக் குறைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அடுக்கிலும் 6,000 அழைப்பு அனுப்பி பத்தில் ஒருவர் பதில் சொன்னால் அடுக்குக்கு 600. போய்விட்டவர்களிடம் பத்தில் ஒருவரை எதிர்பார்க்க முடியாது, அங்கே அழைப்பைக் கூட்ட வேண்டும்.

போய்விட்டவர்களை அடைவது நிஜமாகவே கஷ்டம். 1999-ல் கொடுத்த மின்னஞ்சல் முகவரிகளில் எத்தனை இன்று வேலை செய்யும்? கல்லூரி முகவரி படிப்போடு போயிருக்கும், அலுவலக முகவரி வேலையோடு. பாயிங்க் நிரலிலேயே அறிவிப்புகள் பகுதி இருக்கிறது, ஆனால் நிரலைத் தூக்கியவருக்கு அது தெரியாது. அணித் தலைவர்கள் வழியாகப் போகலாம், அப்போது அணியில் இருந்தவர்கள் மட்டும் கிடைப்பார்கள். ஆகவே நின்றுபோனவர்களைப் பிடிக்கச் சரியான நேரம் அவர்கள் நின்ற சில வாரங்களுக்குள்தான். ஒரு கணக்கு 45 நாள் அமைதியாக இருந்தால், அப்போது இரண்டே கேள்வியோடு ஒரு மின்னஞ்சல் போகும்படி சர்வரில் ஏற்பாடு செய்துவிட்டால், பெரிய சர்வேக்காகக் காத்திருக்கவே வேண்டாம். ஆண்டு முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் பதில் சேரும், நினைவும் புதிதாக இருக்கும்.

அந்த இரண்டு கேள்விகள்: "நீங்களாக நிறுத்தினீர்களா, அல்லது அது தானாக நின்றுபோனதா?" "அந்தச் சமயத்தில் என்ன மாறியது?" முதல் கேள்வி சாதாரணமாகத் தெரியும், ஆனால் இதில்தான் எல்லாம் பிரிகிறது. புதுக் கணினி வாங்கினார், நிரலை மறுபடி போட மறந்தார் என்பவரும், மின் கட்டணத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினேன் என்பவரும், திட்டத்தோடு கோபித்துக்கொண்டு போனவரும் தரவுத்தளத்தில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்: கடைசித் தொடர்புத் தேதி, அதற்குப் பிறகு வெறுமை. முதலாமவருக்கு ஒரு நினைவூட்டல் போதும். இரண்டாமவருக்கு, கணினி எத்தனை சதவீத வேகத்தில் ஓடலாம் என்று குறைத்துக்கொள்ளும் அமைப்பைக் காட்டித் தரலாம். மூன்றாமவருக்கு நினைவூட்டல் அனுப்பினால் இன்னும் கோபம்தான் வரும்.

அழைப்பே ஆட்களை மாற்றிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. இது மற்ற சர்வேக்களைவிட இங்கே கூடுதல் ஆபத்து, ஏனென்றால் நிரலைப் போட்டுவிட்டு மறந்தே போனவர்கள் இங்கே நிறைய. "நீங்கள் எங்களுக்குக் கணினி கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் சிலர் மகிழ்ந்து இரண்டாவது கணினியிலும் போடுவார்கள், சிலர் "அட, இது இன்னுமா ஓடுகிறது" என்று தூக்கிவிடுவார்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு பகுதியைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து அழைப்பு அனுப்பாமல் விட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து இரு தரப்பின் கிரெடிட்டையும் ஒப்பிட்டால் சர்வே எடுத்ததன் விளைவே தெரிந்துவிடும். செலவில்லாத ஏற்பாடு.

கேள்விகளுக்கு வருவோம். ஊக்கத்தைப் பற்றிக் கேட்கும்போது பட்டியல் போட்டு "எது உங்கள் முக்கியக் காரணம்" என்று கேட்டால் உயர்ந்த காரணம்தான் ஜெயிக்கும். மனிதகுலத்தின் நன்மை ஒரு பக்கம், முதல் நூறில் பெயர் வருவது மறுபக்கம் என்று வைத்தால் யாராவது இரண்டாவதை டிக் செய்வார்களா? அதற்காக மக்கள் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை, ஒருவருக்குள் இரண்டுமே உண்மையாக இருக்கும், கேள்வி ஒன்றைத்தான் வெளியே எடுக்க விடுகிறது. விக்கி கர்ட்டிஸ் 2018-ல், நோய் ஆராய்ச்சிக்காகப் புரதங்கள் மடிவதைக் கணக்கிடும் ஃபோல்டிங்@ஹோம் திட்டத்தின் பங்கேற்பாளர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், கணினியைத் தாமே கட்டி, அதன் வேகத்தை எல்லைவரை ஏற்றிப் பார்க்கிற ஆர்வலர்கள் அந்தத் திட்டத்தில் எவ்வளவு முக்கியப் பங்கு வகிக்கிறார்கள் என்று காட்டினார். அவர்களுக்கு நோய்க்கான ஆராய்ச்சியும் பிடிக்கும், இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பதும் பிடிக்கும், அணியோடு சேர்ந்து மற்ற அணியை முந்துவதும் பிடிக்கும். தங்களை கிரன்ச்சர் என்று அழைத்துக்கொள்ளும் இவர்களிடம் ஒரே காரணத்தைச் சொல்லச் சொல்வது நியாயமே இல்லை.

அதனால் நான் நடத்தையைக் கேட்பேன். "கடைசியாகத் திட்டத்தின் தளத்தைத் திறந்தபோது முதலில் எதைப் பார்த்தீர்கள்?" "புள்ளிக் கணக்கு ஒரு மாதம் வேலை செய்யாது, ஆனால் ஆராய்ச்சி வழக்கம்போல நடக்கும் என்று அறிவித்தால் என்ன செய்வீர்கள்?" செட்டி@ஹோமில் இதற்கு ஒரு இயற்கையான சோதனையே இருந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் தரவுத்தளப் பராமரிப்புக்காக சர்வரை நிறுத்துவார்கள், அனுபவசாலிகள் திங்கட்கிழமைக்குள்ளேயே இரண்டு மூன்று நாளுக்குத் தேவையான துண்டுகளை இறக்கி வைத்துக்கொள்வார்கள். "பராமரிப்பு நேரத்துக்கு முன்னால் ஏதாவது தயார் செய்வீர்களா" என்ற ஒரு கேள்வி, எவ்வளவு ஈடுபாடு என்று ஐந்து புள்ளி அளவுகோலில் கேட்பதைவிட எவ்வளவோ தெளிவானது. அதையும் சர்வர் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

காரணப் பட்டியல் கட்டாயம் வேண்டுமென்றால் ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியாக மதிப்பிடச் சொல்லுங்கள், வரிசையை ஒவ்வொருவருக்கும் கலைத்துக் காட்டுங்கள், திறந்த கேள்வியைப் பட்டியலுக்கு முன்னால் வையுங்கள். பட்டியலைப் பார்த்தபின் எழுதச் சொன்னால் பட்டியலில் இருந்த சொற்களே திரும்பி வரும்.

மின்சாரத்தைப் பற்றிக் கேட்காத சர்வே முழுமையற்றது. 100 வாட் கூடுதலாக இழுக்கும் கணினி நாள் முழுக்க ஓடினால் 2.4 யூனிட், மாதத்துக்கு 72 யூனிட். யார் கட்டணம் கட்டுகிறார்கள், அவருக்கு இந்த விஷயம் தெரியுமா, குளிர்காலத்தில் மட்டும் ஓட்டுகிறீர்களா (குளிர் நாடுகளில் அந்த வெப்பம் அறைக்கு உதவுகிறது என்பதால் பலருக்கு அப்படியொரு வழக்கம் உண்டு), இவ்வளவுக்கு மேல் போனால் நிறுத்திவிடுவேன் என்று மனதில் ஒரு தொகை இருக்கிறதா. பணத்தில் கேட்பதைவிட யூனிட்டில் கேட்டால் நாடு விட்டு நாடு ஒப்பிட முடியும், ஆனால் பலருக்கு யூனிட் தெரியாது, ஆகவே இரண்டிலும் பதில் சொல்ல இடம் விட வேண்டும்.

எல்லாவற்றிலும் கூர்மையான கேள்வி, இது யாருடைய கணினி என்பது. 2001-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், தான் வேலை பார்த்த கல்லூரியின் கணினிகளில் டிஸ்ட்ரிபியூட்டட்.நெட் என்ற மற்றொரு தன்னார்வக் கணிமைத் திட்டத்தின் நிரலைப் போட்ட கணினி நிர்வாகி ஒருவர்மீது குற்ற வழக்கு தொடுத்தார்கள். இழப்பு நான்கு லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கு காட்டினார்கள், சிறைத் தண்டனை என்ற பேச்சு அடிபட்டது. 2002 தொடக்கத்தில் நன்னடத்தைக் கண்காணிப்பு, சமூக சேவை, 2,100 டாலர் என்று சமரசத்தில் முடிந்தது. அந்தச் செய்தி அன்றைய கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு, தன் கணக்கோடு இணைக்கப்பட்ட ஒரு படிவத்தில் "ஆமாம், அலுவலகக் கணினியில் அனுமதி கேட்காமல் ஓட்டுகிறேன்" என்று யார் எழுதுவார்? எழுதச் சொல்லும் உரிமையும் நமக்கு இல்லை.

ஆனால் திட்டத்துக்கு அது தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் ஒரு பெரிய நிறுவனம் கொள்கையை மாற்றினால் எத்தனை கணினிகள் ஒரே நாளில் மறையும் என்பது அதில் இருக்கிறது. இதற்குப் பழைய முறை ஒன்று நன்றாகப் பொருந்தும். பதில் சொல்பவர் மனதுக்குள் ஒரு நாணயத்தைச் சுண்டச் சொல்ல வேண்டாம், உண்மையாகவே சுண்டச் சொல்லுங்கள்: தலை விழுந்தால் "ஆமாம்" என்று குறியுங்கள், பூ விழுந்தால் உண்மையைக் குறியுங்கள். தனி ஆளின் "ஆமாம்" எதையும் நிரூபிக்காது. ஆனால் ஆயிரம் பேரில் 600 "ஆமாம்" வந்தால், 500 நாணயத்தால் வந்தது, மீதி 500 பேரில் 100 பேர் உண்மையாகச் சொன்னது, அதாவது ஐந்தில் ஒருவர். துல்லியம் குறையும், ஆனால் பதில் சொன்னவருக்குத் தீங்கு வராது. இந்தக் கேள்வியை மட்டும் கணக்கு எண்ணோடு இணைக்காமல் தனியாகவும் வைக்கலாம், நான் இரண்டையும் சேர்த்தே செய்வேன்.

இணைப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதிலை சர்வர் பதிவோடு இணைப்பதுதான் இந்த முறையின் பலம் என்று மேலே எழுதினேன், அது முறையாகக் கேட்டுப் பெற்ற சம்மதத்தோடு மட்டுமே. பாயிங்க் உலகில் புள்ளி விவரங்கள் திட்டத்துக்கு வெளியேயும் போகும், ஒரே ஆள் பல திட்டங்களில் வாங்கிய கிரெடிட்டைச் சேர்த்துக் காட்டும் தளங்கள் இருக்கின்றன. 2018 மே மாதம் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், அப்படி வெளியே அனுப்புவதற்கே கணக்குதாரரின் ஒப்புதல் வாங்கும் ஏற்பாடு வந்தது. ஆகவே சர்வேயின் முதல் பக்கத்தில், எந்தெந்தப் பதிவுகளை எடுப்போம், எத்தனை காலம் வைத்திருப்போம், எப்போது இணைப்பை அழிப்போம் என்று சாதாரண மொழியில் எழுதி, "இணைக்க வேண்டாம், ஆனால் பதில் சொல்கிறேன்" என்ற தேர்வையும் கொடுக்க வேண்டும். அணியின் பெயரையும் நாட்டையும் சேர்த்தாலே சிலரை அடையாளம் கண்டுவிட முடியும், ஐந்து பேருக்குக் குறைவான எந்தக் கட்டத்தையும் வெளியிடக் கூடாது.

நீளம்: பன்னிரண்டு கேள்வி, பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் "இதற்கு இந்தப் பதில் வந்தால் நாம் எதை மாற்றுவோம்" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடியாத கேள்வியை அடித்துவிடுங்கள். வயது, படிப்பு, வருமானம் என்று வழக்கமாக வருகிற பகுதி இந்தச் சோதனையில் பாதிக்கு மேல் போய்விடும்.

அனுப்புவதற்கு முன்னால் எட்டுப் பத்துப் பேரிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, நிரப்பும்போதே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி உட்கார்ந்து கேட்க வேண்டும். இங்கே ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும், அணித் தலைவர்கள் எட்டுப் பேர் என்றால் ஒரு பயனும் இல்லை. நிரலைப் போட்டுவிட்டு மறந்தவர் ஒருவராவது கட்டாயம் இருக்க வேண்டும். நாம் தினமும் புழங்குகிற ஹோஸ்ட், டாஸ்க், கிரெடிட் என்ற சொற்கள் அவருக்கு எதையும் சொல்லாது என்பது அப்போதுதான் தெரியும். பிற மொழிகளுக்கு மாற்றுவதாக இருந்தால் அந்தந்த மொழியிலும் இதே சோதனையைச் செய்யாமல் அனுப்பக் கூடாது.

2020 மார்ச் மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் அங்கேயே போகிறது. செட்டி@ஹோம் வேலை அனுப்புவதை நிறுத்தப்போகிறது என்ற அறிவிப்பும் கொரோனாவும் ஒரே சமயத்தில் வந்தன. ஃபோல்டிங்@ஹோமில் லட்சக்கணக்கில் புதியவர்கள் சேர்ந்து, அதன் மொத்த வேகம் எக்ஸாஃப்ளாப் (நொடிக்கு நூறு கோடி × நூறு கோடி கணக்குகள்) எல்லையைத் தாண்டியது. புரதங்களை ஆராயும் ரொசெட்டா@ஹோம் என்ற தன்னார்வக் கணிமைத் திட்டமும் கொரோனா வைரஸின் புரதங்களில் வேலை செய்துகொண்டிருந்தது. இருபது ஆண்டு வேற்றுக்கிரக உயிரைத் தேடியவர்களில் எத்தனை பேர் அங்கே போனார்கள், எத்தனை பேர் கணினியை அணைத்துவிட்டார்கள், போனவர்களுக்கு அறிவியல் முக்கியமா, கூட்டம் முக்கியமா, ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் முக்கியமா? ஊக்கத்தைப் பற்றி எந்தப் படிவமும் தர முடியாத பதில் அந்த நகர்வில் இருந்தது. ஒரு திட்டம் மூடப்போகும் தேதி முன்பே தெரிந்தால், மூடுவதற்கு முன் ஒரு சுற்று, மூடி மூன்று மாதம் கழித்து அதே ஆட்களிடம் ஒரு சுற்று, இரண்டுக்கும் இடையில் அவர்களுடைய கணினிகள் எங்கே போயின என்ற பதிவு, இவை மூன்றையும் எடுத்துவைப்பது திட்டம் நடத்துகிறவர்களின் கடமை என்றே நினைக்கிறேன்.

முடிவுகளை வெளியிடும்போது மூன்று விஷயங்கள் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். எத்தனை பேரை அழைத்தோம், எத்தனை பேர் பதில் சொன்னார்கள், பதில் சொன்னவர்கள் சொல்லாதவர்களிடமிருந்து கிரெடிட்டிலும் சேர்ந்த ஆண்டிலும் நாட்டிலும் எவ்வளவு வேறுபட்டார்கள். இதைப் பதில் சொன்னவர்களுக்கு முதலில் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு அப்புறம் பொதுவில் வைக்கலாம். கூடவே எந்தப் பதிலால் எதை மாற்றுகிறோம் என்பதும், கேட்டிருந்தும் மாற்ற முடியாமல் விட்டது எது, ஏன் என்பதும். அடுத்த ஆண்டு அதே பன்னிரண்டில் எட்டுக் கேள்விகளை ஒரு சொல்கூட மாற்றாமல் மறுபடி கேட்க வேண்டும், மீதி நான்கு அந்த ஆண்டின் தேவைக்கு.